ஃபில்டர் மாத்தினா போதுமா? காத்தை யார் எடுப்பது?

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்)

"ஃபில்டர் மாத்தறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன், போன வருஷம் வரைக்கும்.

அப்பா வாடகைக்கு ஓட்டுவது பழைய டீசல் அம்பாசடர். (அந்தக் கார் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது, எங்க வீட்டு வண்டி மட்டும் நிற்பதாக இல்லை.) மேடு ஏறும்போது இழுவை குறையுது என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வாசலிலேயே வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் ஃபில்டரின் வெளிப்புறத்தைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணை நாமே உள்ளே தள்ளிவிடுவோம். பம்புக்குள் உரசும் பாகங்களுக்கு நடுவே இடைவெளி சில மைக்ரான்தான்; நம் தலைமுடியோ சுமார் 70 மைக்ரான்! கீழே ஒரு தட்டு வைத்து, நடு போல்ட்டைக் கழற்றி, அடிக்கிண்ணத்தைக் கையில் தாங்கி இறக்கினேன். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பழைய எலிமெண்ட் கறுத்துப் போயிருந்தது. இங்கே ஒரு கண்ணி உண்டு. பழைய ரப்பர் ரிங் மேல் மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் புது ரிங்கை மாட்டினால் டீசல் கசிந்துகொண்டே இருக்கும். அதை நான் கவனித்துவிட்டேன். பெருமையோடு முடுக்கினேன், ஸ்டார்ட் பண்ணினேன், ஓடியது, ஆஃப் பண்ணிவிட்டுத் தூங்கப் போனேன்.

விடியற்காலை 4 மணிக்குக் கல்யாண முகூர்த்த சவாரி. என்ஜின் இரண்டு நொடி ஓடி அடங்கியது. அப்பா திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தார், பேட்டரியும் இறங்கியது. சவாரி ஸ்டாண்டில் இன்னொருவருக்குப் போனது. அப்பா என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

பக்கத்துத் தெரு லாரி மெக்கானிக் அண்ணன் வந்து ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, காத்தை எடுத்தியா?"

ராத்திரி ஓடியது பம்பிலும் பைப்பிலும் மிச்சமிருந்த டீசலில்! ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, நுனியை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள், அசையாது. காற்றாக இருந்தால் அமுங்கும். பம்ப் கொடுக்கும் அழுத்தம் முழுக்கக் காற்றை அமுக்குவதிலேயே போய்விட்டால் இன்ஜெக்டரின் ஸ்பிரிங்கைத் தூக்க அழுத்தமே இருக்காது. தியரி பேப்பரில் இதை எழுதி மார்க் வாங்கியவன்தான் நான்!

அண்ணன் செய்த வரிசை இதுதான். ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை லீவரை அடித்தார். முதலில் நுரை, பிறகு குமிழி, கடைசியில் சுத்தமான டீசல் வந்ததும், வழியும்போதே ஸ்க்ரூவை முடுக்கினார். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்க்ரூக்களிலும் அப்படியே. லீவர் லொடலொடவென்று ஆடினால் கேம் அதை ஏற்கனவே தூக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். என்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் லீவர் வேலை செய்யும். கடைசியில் இன்ஜெக்டர் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் முடுக்கினார். வண்டி உறுமியது.

இதைப் படித்துவிட்டு சித்தப்பாவின் புது டீசல் காரில் பைப் நட்டைத் தொடாதீர்கள்! காமன் ரெயிலில் அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும், தோலைத் துளைத்துவிடும். அதில் காற்றெடுக்கும் முறை வேறு, வண்டியின் புத்தகத்தைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார் என்றால் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கணும். அப்புறம் பேட்டரி நெகடிவைக் கழற்றணும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். எனவே வீட்டுக்குள்ளோ அடுப்புக்குப் பக்கத்திலோ இந்த வேலையே கூடாது. பல புது கார்களில் ஃபில்டர் டாங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருப்பதால் அந்தத் தொல்லையும் இல்லை, அந்த சந்தர்ப்பமும் இல்லை.

அந்த சவாரிப் பணத்தை அப்பா இன்னும் கேட்கவில்லை. ஆனால் இப்போது வண்டியில் எதைத் தொட்டாலும், "காத்து?" என்று மட்டும் கேட்கிறார்.