திருத்த இடம் தரும் வண்ணம்

பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வளவனூர் ஏரிக்கரையை நீர்வண்ணத்தில் தீட்டுவதில் முன்பு பெருவிருப்பம் கொண்டிருந்தவர். “கை நடுங்கி ஒரு கோடு பிசகினால் படமே பாழாகிறது, டாக்டர், தூரிகையைத் தொடவே மனம் வரவில்லை” என்றார். மருந்தைவிட அக்கூற்றே என்னைச் சிந்திக்க வைத்தது.

இரு வண்ணங்களின் இயல்பு

நீர்வண்ணம் ஒளி ஊடுருவுவது. தாளின் வெண்மையே அதில் வெளிச்சமாகிறது. எனவே பிழையை மறைப்பது கடினம். கூவாஷ் என்பதும் கருவேலப் பிசின் வகை கலந்த நீர்வண்ணமே. ஆயினும் நிறமி மிகுந்தது, அடியிலுள்ளதை மறைப்பது. வானத்தையும் நீரையும் முதலில் நீர்வண்ணத்தால் மெல்லியதாகத் தீட்டி, நன்கு உலர்ந்தபின் மரம், கரை, வெள்ளைக் கொக்கு ஆகியவற்றைக் கூவாஷால் மேலே இடலாம். ஒரே இடத்தில் பலமுறை தேய்த்தால் அடிவண்ணம் கரைந்து கலங்கும். மிகத் தடிப்பாக இட்டால் வெடிக்கும்.

நம் மண்ணுக்கு இது புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் தஞ்சை ஓவியர்கள் தாளில் இவ்விரு முறைகளையும் கையாண்டனர். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள், கண்களின் படங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், 1941இல் வயிற்றுப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப்பின் நெடுநேரம் நிற்க இயலாதவரானார். கூவாஷ் பூசிய தாள்களைக் கத்தரித்தும் 1954இல் மறையும்வரை படைத்தார்.

உடனிருப்போர் கவனத்திற்கு

• முதுகு சாய்ந்த நாற்காலியில் அமர்த்தி, முழங்கையை மேசைமீது தாங்கச் செய்யுங்கள். இருபது நிமிடம் போதும். தோள் வலித்தால் நிறுத்துங்கள்.
• தூரிகைக் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்கினால் பிடி எளிதாகும். தாளைப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.
• சில நிறமிகளில் காட்மியம், கோபால்ட் உண்டு. தூரிகை நுனியை வாயில் வைக்கலாகாது. குடிநீர்க் குவளையை வண்ண நீருக்கு அருகில் வைக்காதீர்கள்.
• மூளையின் வலப்பகுதி பாதிக்கப்பட்டோருள் சிலர் தாளின் இடப்பாதியை வெறுமையாக விட்டுவிடுவர். அது சோம்பல் அன்று, நோயின் அறிகுறி. கடிந்துகொள்ளாமல் அத்தாளையே அடுத்த வருகையில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓவியம் இயன்முறைப் பயிற்சிக்கு மாற்றாகாது, மருந்தையும் நிறுத்தக்கூடாது. ஆயினும், பிழைத்தால் திருத்தலாம் என்னும் துணிவு நோயாளியை மீண்டும் மேசைக்கு அழைத்து வரும்.

அடுத்த வருகையில் அவ்வாசிரியர் ஒரு படம் கொண்டுவந்தார். மூன்று இடங்களில் கூவாஷ் திருத்தம் தெரிந்தது. கோணலாக நின்ற ஒரு பனையை மட்டும் அவர் திருத்தவில்லை. காரணம் கேட்டேன். “கரையிலும் அது அப்படித்தான் நிற்கிறது” என்றார்.