பரணில் நின்ற ரயில்

பழைய மாதிரி ரயில் ஓட மறுத்தால், குற்றவாளி பெரும்பாலும் இன்ஜின் அல்ல

குண்டலுபேட்டையில் ரயில் நிலையம் கிடையாது. மைசூரிலிருந்து ஊட்டி செல்லும் பஸ்களும் கார்களும் இந்த ஊரைத் தாண்டித்தான் பந்திப்பூர் காட்டுக்குள் நுழைகின்றன. ஆனால் அந்தச் சாலையின் இரு முனைகளிலும் ரயிலின் பழம்பெருமை பத்திரமாக இருக்கிறது. ஒருபுறம், 1979இல் தொடங்கிய மைசூர் ரயில் அருங்காட்சியகம். மறுபுறம், 1908இல் ஊட்டியை எட்டி, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த நீலகிரி மலை ரயில்.

இவற்றைக் காப்பாற்ற ரயில்வே இருக்கிறது. வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் மாதிரி ரயிலுக்கு யார் இருக்கிறார்கள்? தாத்தா வாங்கிய செட்டைப் பேரன் இறக்கிப் பூட்டுகிறான். இன்ஜின் அசைவதில்லை. அடுத்த நிறுத்தம், பழைய இரும்புக் கடை.

பல நேரங்களில் இது தவறான தீர்ப்பு. மின்சார மாதிரி ரயிலுக்குத் தண்டவாளமே மின்கம்பி. 16.5 மி.மீ. இடைவெளியில் ஓடும் இரு தண்டவாளங்கள் சுமார் 12 வோல்ட் மின்சாரத்தைச் சக்கரங்களுக்குத் தருகின்றன. 1938இல் வந்த ஹார்ன்பி டப்ளோவில் நடுவே மூன்றாவது தண்டவாளமும் உண்டு. இவற்றின் மேல் தூசி, எண்ணெய், சக்கரப் பொறிகளின் கரி ஆகியவை படிகின்றன. பித்தளை கறுக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் போதும், ரயில் நின்றுவிடும்.

வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் துணி கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும். பிடிவாதமான கறைக்குப் பென்சில் அழிக்கும் ரப்பர் உதவும். உப்புத்தாள் கூடாது; அதன் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். தகரத் தண்டவாளமானால் மேற்பூச்சு போய்த் துருவும் ஏறும். இரும்பு நாரும் ஆகாது. அதன் துணுக்குகளை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். தளர்ந்த இணைப்புத் தகடுகளைக் குறடால் மெல்ல இறுக்க வேண்டும். சக்கரங்களையும் துடைக்காவிட்டால் பழைய அழுக்கு மறுபடி தண்டவாளத்துக்கே வந்து சேரும்.

சிறு ரயில்களையும் மதித்தால் என்ன நடக்கும் என்பதற்குப் புனே சாட்சி. கோத்ருட் பகுதியில் பி.எஸ். ஜோஷி உருவாக்கிய மாதிரி ரயில் அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. ஒருவரின் பொழுதுபோக்கு, ஊரே பார்க்கும் காட்சியானது.

அந்த அளவுக்கு வேண்டாம். ஒரு மேஜை, ஒரு துணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ரயில் வராத குண்டலுபேட்டையிலும் ஒரு ரயில் புறப்பட்டுவிடும்.