பழைய கன்வஸ் பையும் போகாத பசையும்

தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். அவசரப்பட்டால் கெட்டுப்போகிற வேலை இது.

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பழைய பங்களா ஒன்றைத் துப்புரவாக்கும்போது காக்கி நிறத்தில் ஒரு பட்டாளத்துப் பை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 1900இல் தொடங்கி 1949இல் கலைக்கப்பட்ட ‘சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர்’ என்ற, தோட்டத்துரைமாரின் தொண்டர் படையினுடையதாக இருக்கலாம். அதன் ஓர் அணி 1914இல் எகிப்துக்குப் போய், அடுத்த ஆண்டு கலிப்பொலிப் போர்முனையையும் கண்டது. துரைமாரின் பை நமக்கெதற்கு என்று தோன்றலாம். அதுவும் மலையக வரலாற்றின் ஒரு துண்டு. வீசிவிடக் கூடாது என்பதே என் எண்ணம். அதன் வயதைச் சொல்வது பெரும்பாலும் உள்மடிப்பில் மையால் குத்திய முத்திரைதான். அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசின் உடைமை. பக்கத்தில் தயாரித்த ஆண்டு இருக்கும். அந்தப் பையில் யாரோ என்றைக்கோ ஒட்டிய டேப் உரிந்துபோய், பசை மட்டும் பிசுபிசுக்கிறது.

பசை என்பது என்ன? பழைய டேப்புகளில் அது பெரும்பாலும் ரப்பரும் பிசினும் கலந்த கலவை. பார்க்கத் திடமாகத் தெரிந்தாலும், உண்மையில் மிக மெதுவாக ஓடும் குழம்பு. சூடு பட்டால் இளகிப் பருத்தி நூலுக்குள் இறங்கும். அதனால் வெந்நீரும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். குளிர்தான் நமக்குத் துணை. பையைப் பொலித்தீனில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் சில மணி நேரம் வையுங்கள். வெளியே எடுத்ததும், பசை விறைப்பாக இருக்கும்போதே, கரண்டிக் காம்பால் மெல்ல நெம்பினால் மேலே உள்ள தடிப்பு பெயர்ந்து வரும்.

மிச்சத்தைக் கரைக்க வேண்டும். எல்லோரும் தவறுவது இங்கேதான். கரைந்துவிட்டால் பசை போய்விட்டது என்று நினைக்கிறோம். தேத்தண்ணியில் போட்ட சீனி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கோப்பையை விட்டா போய்விட்டது? பசையும் அப்படித்தான். ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்த்தால் பசை நீர்த்து, நூலுக்குள் ஆழமாக இறங்கி, அகலமாகப் பரவும். ஸ்பிரிட் ஆவியாகிவிடும், பசை அங்கேயே நிற்கும். சில காலம் கழித்து அந்த இடம் பழுப்பேறி முறுகும். தேங்காயெண்ணெய் தடவுவதும் இதே கதைதான், அதோடு எண்ணெய்க் கறையும் சேரும்.

ஆகவே கரைப்பது பாதி வேலை; கரைந்ததை உறிஞ்சி எடுப்பதுதான் மீதி. பசை உள்ள பக்கம் கீழே இருக்கும்படி பையை வெள்ளைத் துணிமேல் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து, பசையைக் கரைக்கும் திரவத்தில் (கரைப்பானில்) நனைத்த பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றுங்கள். பசை வந்த வழியே வெளியேறிக் கீழ்த்துணியில் இறங்கும். துணியை நகர்த்தி நகர்த்திச் சுத்தமான இடத்தை வையுங்கள். தடித்த வாராக இருந்தால் ஊடுருவாது. அப்போது மணமில்லாத டல்கம் பவுடரைக் கரைப்பானில் களியாகக் குழைத்து மேலே அப்பி, காயவிட்டுத் தட்டிவிடலாம். காயும்போது களி பசையை மேலே இழுத்துக்கொள்ளும்.

ரப்பர்ப் பசைக்கு லைட்டரில் ஊற்றும் பெட்ரோல் கேட்கும். புதிய ஸ்டிக்கர்களின் அக்ரிலிக் பசைக்கு ஐசோபுரொப்பைல் அல்ககோல் போதும். எதுவானாலும் முதலில் மறைவான ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். காக்கிச் சாயம் துணியில் ஏறினால் அதோடு நிறுத்திவிடுங்கள். குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யாதீர்கள்; இவை சட்டென்று தீப்பற்றும். வாசலில் காற்றோட்டமாகச் செய்யுங்கள். ரப்பர் பூசிய தரைவிரிப்பு என்றால் பெட்ரோல் கிட்டவே வரக் கூடாது, பசையோடு பூச்சும் கரைந்துவிடும்.

முத்திரையின் மேலேயே பசை இருந்தால் தொடாதீர்கள். அந்த மையும் கரையக்கூடியது. பிசுபிசுப்போடு ஒரு பை இருக்கலாம்; அழிந்த ஆண்டைத் திரும்ப எழுத முடியாது.