விழுப்புரம் யார்டுக்கு ஜல்லி சலித்த கதை

இந்த எபிசோட் கொஞ்சம் தூசி கிளப்பும். கையில டீ இருந்தா மூடி வச்சுக்கோங்க.

ஒரு வருஷமா வீட்டு மாடி அறையில ஒரு மாடல் ரயில்வே கட்டிக்கிட்டு இருக்கேன்னு முன்னாடியே சொல்லியிருக்கேன். விழுப்புரம் ஜங்ஷனோட பழைய மீட்டர் கேஜ் யார்டு. இப்போ போய்ப் பார்த்து அளக்க முடியாது. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடின்னு அஞ்சு திசைக்குப் போற பாதைகளும் 2010 வாக்கில் முழுசா பிராட் கேஜ் ஆயிடுச்சு. ஆனா அந்த யார்டு ஒருத்தர் ஞாபகத்துல அப்படியே இருக்கு. எங்க தாத்தா. திண்டிவனத்துக்காரர், விழுப்புரம் பக்கம் கேங்மேனா வேலை பார்த்தவர். இப்போ வயசு 84. பார்வை மாசாமாசம் குறைஞ்சுக்கிட்டே வருது. கண்ணு தெரியறப்பவே முடிச்சுக் காட்டணும். அதுதான் என் டெட்லைன்.

முதல் ரிலீஸ் படுதோல்வி. வெளிநாட்டு மாடல் ஜல்லி ஒரு பாக்கெட் வாங்கி, அளவு பார்க்காம ஒட்டிட்டேன். தாத்தா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு குனிஞ்சு பார்த்தார். "இன்னாடா இது, தேங்காயைக் கொட்டி வச்சிருக்க?"

அவர் சொன்னது கணக்குப்படியே சரி. என் மாடல் 87ல் ஒரு பங்கு அளவு. அதாவது 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ் இங்கே கிட்டத்தட்ட 11.5 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கிற 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதுக்குப் போதும். நான் கொட்டிய ஜல்லி ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்குங்க. 130 மில்லிமீட்டர். தேங்காயேதான்.

அப்போ நிஜ ஜல்லி என்ன அளவு? இன்றைய ரயில்வே விதிப்படி 65 மில்லிமீட்டரிலிருந்து 20 மில்லிமீட்டர் வரை கலந்திருக்கும். பழைய காலத்தில் அப்படி இல்லை. மரக்கட்டை ஸ்லீப்பருக்கு 50, இரும்பு ஸ்லீப்பருக்கு 40, பாயிண்ட் இருக்கிற இடத்துக்கு 25 என்று பாடப்புத்தகத்திலேயே தனித்தனியா இருக்கு. இதை நான் படிச்சுச் சொன்னதும் தாத்தா சிரிச்சார். "அதுக்கு எதுக்குடா புஸ்தகம்? பாயிண்ட்டாண்ட பொடி ஜல்லிதான் போடணும். பெருசு போட்டா நடுவுல போய் மாட்டிக்கும்." ஆக, எனக்குத் தேவை 0.6 மில்லிமீட்டருக்குள்ள ஒரு ரகம், பாயிண்ட்டுக்கு 0.3க்குள்ள இன்னொரு ரகம்.

அடுத்த கேள்வி, எந்தக் கல்? சென்னையிலிருந்து விழுப்புரம் ரயிலில் போனா, திண்டிவனம் ஸ்டேஷன்ல வண்டி நிற்கும்போது ஜன்னல் வழியா ஜல்லியைப் பாருங்க. புதுசா கொட்டின இடம் நீலச் சாம்பல், பழசு காப்பித்தூள் நிறம். திண்டிவனம், வானூர் பக்கம் குவாரியும் கிரஷரும் நிறைய. வட தமிழ்நாட்டுக் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோகைட் என்கிற பாறை. கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் கல்லறைக்குப் போன கல் நம்ம சென்னைப் பக்கத்துக் கல். அதனால்தான் பாறைக்கே அவர் பெயர்.

இங்கேதான் எனக்கு மண்டையில லைட் எரிஞ்சது. வீடு கட்ட வாங்கும் எம் சாண்ட் என்ன? அதே கிரஷர்ல அதே கருங்கல்லை உடைச்ச தூள். ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியிருக்கும். எம் சாண்ட் உடைபட்டது, முனை கூர்மையா இருக்கும். நிஜ ஜல்லி மாதிரியே. பாக்கெட் ஜல்லிக்குக் கொடுத்த காசில் ஒரு மூட்டை எம் சாண்ட் வாங்கலாம். எனக்கு ஒரு படி போதுமா இருந்துச்சு.

சிவில் படிச்ச நண்பன்கிட்ட லேப் சல்லடை கடன் வாங்கினேன். 600 மைக்ரானில் இறங்கி 300ல் நின்றது மெயின் லைனுக்கு. 300ல் இறங்கி 150ல் நின்றது பாயிண்ட்டுக்கு. 150க்குக் கீழே போன தூளைத் தூக்கிப் போட்டுடுங்க. அது பசையில் கலந்தா சிமெண்ட் மாதிரி இறுகிப்போகும். சல்லடை கிடைக்கலைன்னா மாவு சல்லடை, டீ வடிகட்டி வச்சு ஆரம்பிக்கலாம். சலித்ததை நல்லா கழுவி மாடியில காயவைங்க. அப்புறம் ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் சுத்தி மணலுக்குள்ள விட்டு எடுங்க. கறுப்பா ஒட்டிக்கிட்டு வரும் துகள் இன்ஜின் மோட்டாருக்குள்ள போனா வேலை முடிஞ்சுது.

தயவுசெஞ்சு தண்டவாளத்திலிருந்து ஜல்லி எடுத்துட்டு வராதீங்க. தண்டவாளத்தில் இறங்குறதே குற்றம்.

ஒட்டுறது சுலபம். முதலில் காய்ஞ்ச ஜல்லியைப் போட்டு பிரஷ்ஷால் ஒதுக்குங்க, ஸ்லீப்பர் மேல ஒரு கல்கூட நிற்கக் கூடாது. பாத்திரம் கழுவும் திரவம் ரெண்டு சொட்டு கலந்த தண்ணீரை மேலே லேசா ஸ்ப்ரே பண்ணுங்க. பிறகு ஃபெவிகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, ஊசி போடாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டா. நனைக்காம விட்டா பசை உள்ளே இறங்காது, உருண்டையா நிற்கும். ஒரு நாள் முழுக்க தொடாதீங்க. பாயிண்ட் அசையும் இடத்தில் பசை படவே கூடாது.

இப்போ யார்டு. மெயின் லைன்ல ஜல்லி மேடு கட்டி அழகா சரிஞ்சு நிற்கும். யார்டுல அப்படி இல்லை. லைனுக்கு லைன் தரை சமமா, அழுக்கா இருக்கும். நீராவி இன்ஜின் காலத்தில் யார்டு லைன்களுக்கு ஜல்லிக்குப் பதிலா நிலக்கரிச் சாம்பலே கொட்டுவாங்க. தண்ணி நல்லா வடியும், செலவும் கிடையாது. விழுப்புரத்தில் இன்ஜின் ஷெட்டே இருந்ததால் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. நான் தெருமுனை இஸ்திரி கடை அண்ணன்கிட்ட கேட்டேன். ஆறின கரித்தூளும் சாம்பலும் ஒரு டப்பா கொடுத்தார். சலிச்சு, கொஞ்சம் எம் சாண்ட் கலந்து போட்டதும் யார்டு யார்டாயிடுச்சு.

ஓரத்துக்கு செம்மண். வாணலியில் சூடு பண்ணிட்டுப் போடுங்க, இல்லைன்னா புழு, விதை எல்லாம் மாடலுக்குள்ளயே முளைக்கும். காய்ஞ்ச புல்லுக்கு தேங்காய் நாரை மூணு நாலு மில்லிமீட்டரா நறுக்கினேன். பச்சைக்கு வடிகட்டின டீத்தூளைக் காயவச்சு சாயம் ஏத்தினேன். அதுலயும் ஈரம் இருந்தா மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். வெளிநாட்டு மாடல் மாதிரி எல்லா இடமும் புல்வெளி விரிக்காதீங்க. நம்ம ஊர்ல சித்திரை வெயிலில் எருக்கும் சீமைக்கருவேலமும்தான் பச்சையா நிற்கும். இன்னொண்ணு, ஒட்டினா நிறம் ஒரு படி கருக்கும். அதனால நிஜத்தைவிட வெளுப்பா எடுங்க.

போன வாரம் தாத்தாவைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். ரொம்ப நேரம் குனிஞ்சிருந்தார். விரலால் பாயிண்ட்டைத் தடவிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. நான்தான் பொறுக்காம, "எப்படி இருக்கு தாத்தா?"ன்னு கேட்டேன்.

"எல்லாம் சரிடா கண்ணு. நாங்க நடந்த வழி எங்க?"

ரெண்டு லைனுக்கு நடுவுல தினமும் சுத்தியலோட அவங்க நடந்து நடந்து புல்லே முளைக்காத ஒத்தையடிப் பாதை ஒண்ணு இருந்திருக்கு. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை, எந்த போட்டோவிலும் நான் கவனிக்கலை. அன்னிக்கு ராத்திரியே ஒட்டின நாரை பிளேடால் சுரண்டி எடுத்து, செம்மண் தூவி, கட்டைவிரலால் அழுத்தினேன். எங்கே திரும்பும், எங்கே லைனைத் தாண்டும்னு பக்கத்துல உட்கார்ந்து அவர்தான் வழி சொன்னார்.

உங்க வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்தா, கட்டி முடிச்சுட்டுக் காட்டாதீங்க. கட்டும்போதே கேளுங்க. அடுத்த எபிசோடில் சிக்னல் வயரிங். பார்ப்போம்.