ஏழை வீட்டு நாய்க்கும் ஊசி எட்ட வேண்டும்

புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ வாணரப்பேட்டையிலோ மூன்று மாத நாய்க்குட்டி ஒன்று சாப்பாட்டைத் தொடாமல் வாந்தி எடுத்து, ரத்தமாகக் கழியத் தொடங்கினால், அது பார்வோ வைரஸாக இருக்கலாம். சில நூறு ரூபாய்த் தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய நோய் இது. வந்துவிட்டால் நாள்கணக்கில் குளுக்கோஸ், மருந்து என்று ஆயிரக்கணக்கில் செலவாகும். மீன் விற்றும் சித்தாள் வேலை பார்த்தும் பிழைக்கும் குடும்பம் அதற்கு என்ன செய்யும்?

செலவுக்குப் பயந்தவர்கள் கைவைத்தியத்தில் இறங்குகிறார்கள். சொறி பிடித்த நாயின்மேல் வண்டியின் கழிவு ஆயிலைப் பூசுகிறார்கள். நாய் அதை நக்க, விஷம் உள்ளே போகிறது. பூனைக்குக் காய்ச்சலென்று கொடுக்கும் அரை பாராசிட்டமால் மாத்திரையே அதன் உயிரைப் பறிக்கலாம்.

ஆபத்து அந்த வீட்டோடு நிற்பதில்லை. மனிதருக்கு வரும் ரேபிஸ் பெரும்பாலும் நாய்க்கடியால்தான் வருகிறது. அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது மிக அரிது. ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழை வீட்டு நாய் விடுபட்டால் தெருவுக்கே பாதுகாப்பு குறைகிறது. கடிபட்டவர்கள் காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? வளர்ப்பு நாய்க்குக் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை செய்வது உரிமையாளரின் பொறுப்பு என்கின்றன 2023ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள். வளர்த்த பிராணியைக் காரணமின்றிப் பட்டினியில் தவிக்கவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உரிமையும் உண்டு: செல்லப்பிராணி வளர்க்கவே கூடாதென்று குடியிருப்போர் சங்கங்கள் தடை போட முடியாது என்கின்றன இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்கள்.

கடமையைச் சுமத்தினால் வழியும் வேண்டும். குருமாம்பேட்டில் 1994இல் தொடங்கிய ராஜிவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அரசு கால்நடை மருந்தகங்களும் உள்ளன. புறநோயாளி நேரத்தையும் மருந்து இருப்பையும் முன்பே விசாரித்து, பழைய தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போனால் அலைச்சல் மிச்சம்.

ஆனால் நோயுற்ற நாயைப் பேருந்தில் ஏற்ற முடியாது. ஆட்டோ வாடகையும் இழக்கும் நாள்கூலியும் சேர்ந்தால் இலவச சிகிச்சையும் இலவசமாக இருப்பதில்லை. இந்தச் சிக்கலுக்கு மரியா டிக்கின் என்ற பெண்மணி 1917இலேயே வழி கண்டார். லண்டனின் ஏழைப் பகுதியான வைட்சேப்பலில், ஒரு நிலவறையில் இலவசச் சிகிச்சையகம் திறந்தார்; பிறகு வண்டியிலேயே சிகிச்சையைத் தெருத்தெருவாகக் கொண்டு போனார்.

புதுச்சேரிக்கும் தேவை அதுவே: குப்பங்களுக்கும் நகர்களுக்கும் தேடி வரும் முகாம். உங்கள் தெருவில் நாய், பூனை எத்தனை, தடுப்பூசி போடாதவை எத்தனை என்று கணக்கெடுங்கள். அதை இணைத்து, கையெழுத்திட்ட மனுவைக் கால்நடை பராமரிப்புத் துறையிலும் நகராட்சியிலும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். அதற்கு முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.