விளக்கு மங்கியது மெய்தான்!

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து சற்றுத் தள்ளி, காலாங் பகுதியில் ஒரு வாயு ஆலை இருந்தது. நிலக்கரியிலிருந்து வாயு எடுப்பதற்காக 1862-ல் நிறுவப்பட்ட அந்த ஆலையின் உபயத்தால், 1864 மே 24-ஆம் நாள் நகரத் தெருக்களில் முதன்முதலாக கேஸ் விளக்குகள் எரிந்தன. 1998-ல் ஆலையும் மூடப்பட்டது. ஆனால் அந்த விளக்கின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாக வாழ்கிறது. 'கேஸ்லைட் பண்ணாதே' என்று நம் பிள்ளைகள் பேசக் கேட்டிருப்பீர்கள்.

விளக்குக்கும் ஏமாற்றுக்கும் என்ன சம்பந்தம்?

1938-ல் பாட்ரிக் ஹாமில்டன் என்ற ஆங்கிலேயர் 'கேஸ் லைட்' என்றொரு நாடகம் எழுதினார். அதில் வரும் கணவன், வீட்டுப் பொருள்களைத் தானே ஒளித்துவிட்டு மனைவியின் மறதி என்று பழிபோடுகிறான். இரவில் வெளியே போவதாகச் சொல்லி, இரகசியமாக மாடியில் நகை தேடுகிறான். அங்கே அவன் விளக்கேற்றும்போது, வாயு பங்கிடப்பட்டுக் கீழே மனைவியின் அறை விளக்கு மங்குகிறது. தன் புத்திதான் கெட்டுவிட்டதோ என்று அவள் நடுங்குகிறாள். ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஒருவர் வந்து உண்மையை விளக்கிய பிறகே அவளுக்கு உயிர் வருகிறது. 1944-ல் வந்த இதன் ஹாலிவுட் படத்தில் நடித்த இங்கிரிட் பெர்க்மன் ஆஸ்கார் விருது பெற்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது வெறும் பொய். பூசணிக்காயைப் பார்த்தவளிடமே, "உன் கண்ணில்தான் கோளாறு" என்று நாள்தோறும் சொல்லி நம்ப வைப்பதுதான் கேஸ்லைட் பண்ணுவது. "நான் அப்படிச் சொல்லவே இல்லை, உனக்குத்தான் மூளை குழம்பிவிட்டது" என்ற பேச்சு எத்தனை வீடுகளில் கேட்கிறது! என்றோ ஒருநாள் மறந்து பேசுவது இதில் சேராது. திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் செய்வதே கொடுமை.

அடித்தால்தான் கொடுமை என்பதில்லை. சிங்கப்பூரின் மாதர் சாசனத்தில் 2023-ல் நிறைவேறி 2025 ஜனவரி 2-ல் நடப்புக்கு வந்த திருத்தம், மனத்தைத் துன்புறுத்துவதும் குடும்ப வன்முறையே என்று தெளிவாக்கியுள்ளது. அங்கே உதவி நாட 1800-777-0000 என்ற எண் உண்டு.

சகோதரிகளே! சந்தேகம் வந்தால், நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். நாடகத்துப் பெண்ணைக் காப்பாற்றியது, "ஆமாம் அம்மா, விளக்கு மங்கியது மெய்தான்" என்று சொல்ல இன்னொருவர் இருந்ததுதான். பக்கத்து வீட்டுப் பெண் கலங்கி நிற்கும்போது, அந்த இன்னொருவராக நாம் இருப்போமே!