ஈவுத்தொகை இனாமன்று!

அண்மையில் என் மாணவன் ஒருவனின் தாயார் ஒரு கணக்குத் தாளுடன் என்னிடம் வந்தார். கணவர் வளைகுடாவில் உழைத்து அனுப்பிய 24,000 ரூபாயைப் பங்கு சார்ந்த பரஸ்பர நிதி ஒன்றில் போட்டிருந்தார். "அடுத்த வாரம் ஈவுத்தொகை வருகிறது, இப்போதே சேருங்கள்" என முகவர் கூறியிருந்தார். சொன்னபடியே 3,000 ரூபாய் வந்தது. ஆனால் முதலோ 21,000 ஆகியிருந்தது. "ஹஜ்ரத், என் பணம் எங்கே போயிற்று?" என்றார் கலக்கத்துடன்.

பணம் எங்கும் போகவில்லை. நிதியின் நிகரச் சொத்தை யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ஒரு யூனிட்டின் மதிப்பு. அவர் 24 ரூபாய் வீதம் 1,000 யூனிட்டுகள் வாங்கினார். யூனிட்டுக்கு 3 ரூபாய் ஈவு வழங்கியதும் அதன் மதிப்பு 21 ஆயிற்று. நம் வீட்டுக் கிணற்று நீரையே மொண்டு நமக்குத் தருவது போன்றது இது. இதனாற்றான் 2021 ஏப்ரல் முதல், மூலதனமும் இதில் திரும்புகிறது என்பதைப் பெயரிலேயே காட்டுமாறு 'செபி' ஆணையிட்டது. அத்தோடு, 2020 ஏப்ரல் முதல் இத்தொகை பெறுபவரின் வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உட்படுகிறது.

யூனிட்டை வாங்கிய விலைக்கு மேல் விற்றால் கிடைப்பது மூலதன ஆதாயம். பங்கு நிதிகளை 12 மாதங்களுக்குள் விற்றால் ஆதாயத்தில் 20 விழுக்காடு வரி. அதற்குப் பின் விற்றால், ஓராண்டில் 1,25,000 ரூபாயைத் தாண்டும் ஆதாயத்திற்கு மட்டும் 12.5 விழுக்காடு. 2024 ஜூலை 23 முதல் இம்முறை நடப்பில் உள்ளது.

'ஆறாண்டில் பணம் இரட்டிப்பு' என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் படியுங்கள். நூறை ஆறால் வகுத்து, ஆண்டுக்கு 16 விழுக்காட்டுக்கு மேல் என எண்ணிவிடக் கூடாது. கூட்டு முறையில் அது சுமார் 12¼ விழுக்காடே. அதுவும் கடந்த காலக் கணக்கு, வருங்காலத்திற்கு உறுதிமொழியன்று.

நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கடன் பத்திர நிதிகளின் வருவாய் பெரும்பாலும் வட்டியே. பங்கு நிதிகளிலும் வங்கிகள், மது நிறுவனங்களின் பங்குகள் இருக்கக்கூடும். ஷரீஅத் அளவுகோலின்படி பங்குகளைத் தெரிந்தெடுக்கும் நிதிகளும் நம் நாட்டில் உண்டு. எதில் போடுகிறார்கள் எனக் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

அந்தச் சகோதரி இழந்தது பெரிதன்று. ஆனால், வியர்வை சிந்திச் சேர்த்த பணம் எவ்வழியில் வளர்கிறது, எவ்வழியில் குறைகிறது என்பதை அறிந்துகொள்வதும் அப்பணத்தைப் பேணுவதன் ஒரு பகுதியே அல்லவா?